சூறாவளியா, சுழிக்காற்றா? சாய்ந்த மரத்தைப் பார்த்துச் சொல்லலாம்

சித்திரை பிறந்துவிட்டால் சாமளாபுரம், சோமனூர், மங்கலம் பகுதித் தோட்டங்களில் எல்லாரும் கோடை மழையை எதிர்பார்த்திருப்பார்கள். அந்த மழைக்கு முன்னால் வரும் காற்றை நினைத்துப் பயமும் இருக்கும். மழை பெய்வது அரை மணி நேரம். காற்று அடிப்பது ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோதான். அதற்குள் குலை தள்ளிய வாழை படுத்துவிடும், பந்தல் காய்கறி கம்பியோடு சரிந்துவிடும், தறிக்குடோன் கூரையிலிருந்து பிய்ந்த சிமெண்ட் அட்டை பக்கத்துத் தோட்டத்தில் கிடக்கும். மறுநாள் காலையில் ஊர் முழுவதும் ஒரே பேச்சு, "சூறாவளி அடிச்சிருச்சு" என்பதுதான்.

ஆனால் வானிலைத் துறையின் பதிவேட்டில் அன்றைய நாளைப் பார்த்தால் சூறாவளி என்று எழுதியிருக்காது. 'இடியுடன் மழை' என்று மட்டும் இருக்கும். சில சமயம் அதுவும் இராது. உழவர் சொல்வதும் பொய்யல்ல, பதிவேடும் பொய்யல்ல. ஒரே சொல்லை நாம் நாலு விதமான காற்றுக்கு வைத்திருக்கிறோம், துறையோ ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயரும் தனித்தனி எண்ணும் வைத்திருக்கிறது. நிவாரணம், காப்பீடு ஆகிய இரண்டிலும் இந்தப் பெயர் பணத்தோடு சம்பந்தப்பட்டது என்பதால் உழவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

நாலு விதக் காற்று

முதலாவது, நாம் சுழிக்காற்று என்றும் பேய்க்காற்று என்றும் சொல்லும் தூசிச் சுழல். பங்குனி, சித்திரை வெயிலில், உழுது போட்ட செம்மண் காட்டில், உச்சி வேளையில் கிளம்பும். வானத்தில் மேகமே இருக்க வேண்டியதில்லை. தரை கொதித்து, அதை ஒட்டிய காற்று லேசாகி விருட்டென்று மேலே எழும்பும்போது சுழற்சி உண்டாகிறது. சருகையும் தூசியையும் தூக்கிக்கொண்டு சில நிமிடம் ஓடி அடங்கிவிடும். இது தரையிலிருந்து மேலே போவது. காயப்போட்ட சோளத்தட்டைக் கலைக்கும், கட்டாத தகரத்தைத் தூக்கும், அதற்கு மேல் பெரும்பாலும் சேதம் செய்யாது. பேய்க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் குழந்தைகளை அதற்குள் ஓடி விளையாட விட வேண்டாம், கண்ணில் மண்ணும் முள்ளும் விழும்.

இரண்டாவது, இடிமேகத்திலிருந்து கீழே கொட்டும் காற்று. கொங்கு நாட்டில் வாழையையும் கூரையையும் சாய்ப்பது பெரும்பாலும் இதுதான். மேகத்துக்குள் மழையும் ஆலங்கட்டியும் விழும்போது, வழியில் உள்ள காற்று குளிர்ந்து கனத்துப் போகிறது. கனத்த காற்று கல்லைப்போலக் கீழே விழுந்து, தரையில் மோதி, நாலாபக்கமும் பரவுகிறது. குடத்துத் தண்ணீரைக் களத்தில் கவிழ்த்தால் எப்படிப் பரவுமோ அப்படி. மழைக்குச் சற்று முன் முகத்தில் சில்லென்று அறையும் காற்று இதன் முன்னோடி. இதில் சுழற்சி இல்லை. ஒரு தோட்டத்தில் நிற்பவருக்கு அது ஒரே பக்கமிருந்துதான் வீசும்.

மூன்றாவதுதான் உண்மையான பெருஞ்சுழல், ஆங்கிலத்தில் டொர்னாடோ எனப்படுவது. இடிமேகத்தின் அடிவயிற்றிலிருந்து யானைத் தும்பிக்கைபோல ஒரு குழாய் இறங்கித் தரையைத் தொடும். தொட்டால்தான் அந்தப் பெயர். தொடாமல் அந்தரத்தில் தொங்கினால் அதைப் புனல் மேகம் என்பார்கள். கடலிலோ ஏரியிலோ தொட்டால் நீர்த்தாரை. இதன் பாதை நாடா போலக் குறுகலானது. இந்தப் பக்கத்து வீடு தரைமட்டமாகும், எதிர்ப்பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் துணி அப்படியே இருக்கும்.

நாலாவது, கடலில் பிறக்கும் புயல். அதுவும் சுழல்தான், ஆனால் பல நூறு கிலோமீட்டர் அகலம் கொண்டது, நாட்கணக்கில் நிலைப்பது, முன்கூட்டியே பெயர் வைக்கப்படுவது. காற்றின் சராசரி வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டினால்தான் இந்திய வானிலைத் துறை அதைப் புயல் என்று சொல்லும். அதற்குக் கீழே 50 முதல் 61 வரை ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 31 முதல் 49 வரை காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 2018 நவம்பர் 16-ல் வேதாரண்யம் பகுதியில் கரை கடந்து டெல்டாவின் தென்னையை அழித்த 'கஜா' இந்த வகை.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோமே, அது இந்த நாலிலும் சேராது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்று அது. நாள் முழுக்க ஒரே சீராக வீசுவதால்தான் பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் ஓடுகின்றன.

பெயர்க் குழப்பம் ஒன்று

வானொலியிலும் செய்தித்தாளிலும் வரும் மீனவர் எச்சரிக்கையில் "சூறாவளிக் காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் வீசக்கூடும்" என்று இருக்கும். இதைக் கேட்டு உள்நாட்டு உழவர் சுழல் வரப்போகிறது என்று எண்ண வேண்டாம். அங்கே அந்தச் சொல் குறிப்பது விட்டுவிட்டு ஓங்கி வீசும் கடற்காற்றை. உள்மாவட்டங்களுக்கான அறிவிப்பில் 'பலத்த தரைக்காற்று' என்று வரும். நமக்கு உரியது அந்த வரிதான். இலங்கைத் தமிழரோ கடற்புயலையே சூறாவளி என்பார்கள். ஆக, சூறாவளி என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு எந்தக் காற்று என்று முடிவுகட்ட முடியாது.

பதிவேட்டில் எப்படி ஏறுகிறது?

உலக வானிலை அமைப்பு வகுத்த முறைப்படி, வானிலை நிலையத்தில் உள்ள கவனிப்பாளர் அந்த நேர வானிலையை இரண்டிலக்க எண்ணாக எழுதி அனுப்புகிறார். 00 முதல் 99 வரை நூறு எண்கள். தூசிச் சுழலுக்கு 08. திடீர்ப் பெருங்காற்றுக்கு 18. புனல் மேகம், டொர்னாடோ, நீர்த்தாரை மூன்றுக்கும் சேர்த்து 19. இடிமழைக்கு 95 முதல் 99 வரை. விமான நிலையங்கள் எண்ணுக்குப் பதிலாக இரண்டெழுத்துக் குறியீடுகளைப் பயன்படுத்துகின்றன.

18 என்று எழுதுவதற்கும் கணக்கு உண்டு. காற்றின் வேகம் திடீரென்று மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டராவது கூட வேண்டும். கூடிய வேகம் 40 கிலோமீட்டரையாவது எட்ட வேண்டும். ஒரு நிமிடமாவது நிலைக்க வேண்டும். நாலு விநாடி ஓங்கி அடித்து ஓய்ந்தால் அது வெறும் வீச்சு, அந்த எண் கிடைக்காது. இந்த வேகமும் தரையில் அளப்பதல்ல, திறந்த வெளியில் 10 மீட்டர் உயரக் கம்பத்தில் அளப்பது.

இந்த எண்களை எழுத வேண்டுமானால் காற்று அந்த நிலையத்திலோ, நிலையத்திலிருந்து பார்க்கும் தூரத்திலோ வீசியிருக்க வேண்டும். சாமளாபுரத்திலிருந்து பீளமேட்டிலுள்ள கோவை விமான நிலையம் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வட்டாரத்துக்கு ஒன்று என்று தானியங்கி வானிலை நிலையங்களை நிறுவியுள்ளது உண்மை. ஆனால் ஒரு வட்டாரத்தின் பரப்பு என்ன, அரைக் கிலோமீட்டர் அகலத்தில் அடித்துப் போகும் காற்றின் பரப்பு என்ன? கம்பத்தைத் தொடாமல் போன காற்றைக் கருவி அறியாது.

ரேடார் இருக்கிறதே என்று கேட்கலாம். டாப்ளர் ரேடார் மேகத்தின் உள்ளே காற்று ஓடும் திசையைக்கூடக் காட்டும், அருமையான கருவிதான். ஆனால் பூமி உருண்டை. ரேடார் அலை நேராகப் போகப் போகத் தரை கீழே விலகிவிடுகிறது. 200 கிலோமீட்டர் தொலைவில் மிகத் தாழ்வான அலையே தரைக்கு மேல் 4 கிலோமீட்டர் உயரத்தில் போகும். அங்கிருந்து இடிமேகம் தெரியும், தென்னந்தோப்பின் தலைமட்டத்தில் நடப்பது தெரியாது.

ஆகவே, உள்ளூரில் அடித்த காற்று என்ன வகை என்பதைப் பல சமயம் அது விட்டுச்சென்ற சேதத்தைப் பார்த்துத்தான் நிபுணர்கள் தீர்மானிக்கிறார்கள்.

மரம் சொல்லும் சாட்சி

இந்தக் கலையை வளர்த்தவர் தெத்சுயா ஃபுஜிட்டா என்ற ஜப்பானியர். 1945-ல் அணுகுண்டு விழுந்த நாகசாகி, ஹிரோஷிமா நகரங்களுக்குச் சென்று, மரங்கள் எந்தத் திசையில் விழுந்திருந்தன என்று ஆராய்ந்தவர். பின்னர் அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, 1971-ல் டொர்னாடோவைச் சேதத்தை வைத்துத் தரம் பிரிக்கும் அளவுகோலை உருவாக்கினார். 1974-ல் அங்கே ஏராளமான டொர்னாடோக்கள் ஒரே சமயத்தில் தாக்கியபோது சேதத்தை விமானத்திலிருந்து பார்வையிட்டார். சில காடுகளில் மரங்கள் சுழன்று விழாமல், ஒரு நடுவிடத்திலிருந்து நட்சத்திரம்போல வெளிநோக்கி விழுந்திருந்தன. அணுகுண்டு ஊரில் பார்த்த அதே கோலம். மேலிருந்து காற்று விழுந்து பரவினால்தான் இப்படி ஆகும் என்று அவர் சொன்னார். முதலில் பலர் நம்பவில்லை. பிற்பாடு விமான விபத்துகளை ஆராய்ந்தபோது அவர் சொன்னது சரியாயிற்று.

அவருடைய அளவுகோலைத் திருத்தி அமெரிக்காவில் 2007 முதல் பயன்படுத்துகிறார்கள். 0 முதல் 5 வரை ஆறு தரங்கள். 0 என்றால் மணிக்கு 105 முதல் 137 கிலோமீட்டர் வரை, 5 என்றால் 322-க்கு மேல். இவை கருவியால் அளந்த வேகங்கள் அல்ல, இன்ன கட்டடம் இவ்வளவு சேதமாக இன்ன வேகம் தேவைப்பட்டிருக்கும் என்ற மதிப்பீடு. அதற்காக 28 வகைக் கட்டடங்களையும் மரங்களையும் பட்டியலிட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியல் அமெரிக்க வீடுகளுக்கானது, தென்னைக்கும் வாழைக்கும் அதில் தனி வரிசை இல்லை. நம் ஊர்ச் சேதத்துக்கு அதை அப்படியே வைத்து எண் போடுவது பொருந்தாது.

திசை பார்க்கும் முறை நமக்கு அப்படியே பொருந்தும். தோப்பில் விழுந்த மரங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே திசையில் தலை வைத்திருந்தால், அல்லது விசிறிபோல விரிந்து கிடந்தால், அது இடிமேகக் காற்று. பாதையின் ஒரு பக்கத்து மரம் வடக்கே, எதிர்ப்பக்கத்து மரம் தெற்கே, நடுவில் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே என்று உள்நோக்கிக் கிடந்தால், சேதமும் குறுகிய நீண்ட பட்டையாக இருந்தால், சுழல் என்று சந்தேகிக்க இடம் உண்டு. ஒரே ஒரு மரத்தை வைத்து முடிவுகட்டக் கூடாது. முன்பே சாய்ந்திருந்த தென்னையும், கிழங்கு அழுகிய வாழையும் எந்தக் காற்றிலும் தன் சாய்வுப் பக்கமே விழும். பத்து இருபது மரங்களையாவது பார்க்க வேண்டும்.

உண்மையான சுழல் நம் நாட்டில் இல்லாதது அல்ல. 1978 மார்ச் 17 அன்று டெல்லியின் வடபகுதியைத் தாக்கிய டொர்னாடோவில் 28 பேர் இறந்தனர். 1998 மார்ச் 24 அன்று ஒரிசா-மேற்கு வங்க எல்லையில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2023 மார்ச் 24 அன்று பஞ்சாபின் ஃபாசில்கா மாவட்டத்தில் பக்கைன்வாலா என்ற கிராமத்தில் வீடுகளோடு கின்னோ ஆரஞ்சுத் தோட்டங்களும் அழிந்தன. உலகிலேயே அதிக உயிர்களைக் குடித்த டொர்னாடோ 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டத்தில் வீசியது. சுமார் 1,300 பேர் இறந்தனர். வங்காளச் சமவெளியில் கீழே கடலிலிருந்து ஈரக்காற்றும், மேலே மேற்கிலிருந்து வேகமான வறண்ட காற்றும் பங்குனி, சித்திரையில் சேருகின்றன. உயரம் கூடக் கூடக் காற்றின் திசையும் வேகமும் மாறுவதுதான் மேகத்துக்குள் சுழற்சியை உண்டாக்குகிறது. நம் பக்கத்துக் கோடை இடிமேகங்களுக்கு அந்த வசதி பொதுவாகக் குறைவு. எனவே இங்கே டொர்னாடோ அபூர்வம், மேகக்காற்று சாதாரணம். நாம் சூறாவளி என்று சொல்லும் பத்தில் பெரும்பாலானவை இந்தச் சாதாரண வகைதான். இதனால் சேதம் குறைவு என்று அர்த்தமில்லை. வாழைக்கு எந்தக் காற்றும் காற்றுதான்.

எச்சரிக்கையில் வரும் வேகம்

வானிலைத் துறை இடிமழை எச்சரிக்கையில் காற்றை நாலு படியாகப் பிரிக்கிறது. வீச்சு வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் வரை லேசானது, 41 முதல் 61 வரை மிதமானது, 62 முதல் 87 வரை கடுமையானது, அதற்கு மேல் மிகக் கடுமையானது. இந்த எல்லைகளைப் பழைய பியூஃபோர்ட் காற்று அளவுகோலோடு ஒப்பிட்டால் தோட்டத்து மொழியில் புரிந்துகொள்ளலாம். 40-ஐத் தாண்டினால் பெரிய கிளைகள் ஆடும், குடை பிடிக்க முடியாது. 50-க்கு மேல் முழு மரமும் ஆடும். 62-க்கு மேல் கிளைகள் ஒடியும், எதிர்த்து நடக்க முடியாது. 75-க்கு மேல் கூரைச் சேதம் தொடங்கும். 89-க்கு மேல் மரம் வேரோடு சாயும். வாழை மரமே அல்ல, வேரும் ஆழமில்லை, தலையிலோ குலை. ஆகவே அதற்கு மரக்கணக்கு செல்லாது, மிதமானது என்று அறிவித்தாலே வாழைக்காரர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

மூன்று மணி நேரத்துக்கான குறுகிய கால எச்சரிக்கை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில் வருகிறது. மஞ்சள் என்றால் கவனித்திருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள், சிவப்பு என்றால் உடனே செயல்படுங்கள் என்று பொருள். மூன்று மணி நேரத்தில் முட்டுக் கொடுக்க முடியாது. குலை தள்ளும்போதே, மரம் சாயும் பக்கம் சவுக்கு அல்லது மூங்கில் கம்பு முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். மண் அணைப்பதும், காய்ந்த அடியிலைகளைக் கழிப்பதும், தோட்டத்து ஓரம் அகத்தியோ சவுக்கோ வளர்ப்பதும் அதற்கும் முந்திய வேலை. எச்சரிக்கை வந்த பிறகு செய்யக்கூடியது மோட்டாரை நிறுத்துவது, மாடுகளை மரத்தடியிலிருந்து அவிழ்த்துக் கொண்டுபோவது, மருந்து தெளிப்பையும் உரமிடுதலையும் தள்ளிப்போடுவது.

தோட்டத்தோடு தறியும் வைத்திருப்பவர்கள் குடோன் கூரையை மாசியிலேயே ஒருமுறை பார்க்க வேண்டும். அட்டையைப் பிடிக்கும் ஜே போல்ட் துருப்பிடித்திருந்தால் முதல் காற்றிலேயே ஒரு மூலை கிளம்பும், ஒரு அட்டை போனால் காற்று உள்ளே புகுந்து மற்றதையும் தூக்கும். காற்று அடிக்கும்போது அட்டைக் கூரையின் கீழ் நிற்காமல் கான்கிரீட் தளம் போட்ட அறைக்குப் போய்விட வேண்டும். ஜன்னலைத் திறந்து வைத்தால் அழுத்தம் சமமாகிக் கூரை தப்பும் என்று சிலர் சொல்வார்கள். அது தவறு, மூடித்தான் வைக்க வேண்டும்.

காற்று ஓய்ந்த பிறகு

நிவாரணத்துக்கு 2022-26 காலத்துக்கான மத்திய நெறிமுறையில் தேசிய அளவில் 12 இயற்கைச் சீற்றங்கள் பட்டியலிடப்பட்டன. புயலும் ஆலங்கட்டி மழையும் அதில் உண்டு. இடிமேகக் காற்று தனியாக இல்லை. மாநிலங்கள் தம் பகுதிக்கேற்பச் சிலவற்றைச் சேர்த்துக்கொள்ள இடம் இருக்கிறது. பயிர்ச் சேதம் 33 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது 2015 முதல் உள்ள விதி. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் புயல், டொர்னாடோ இரண்டும் இடம்பெற்றிருக்கின்றன. ஆனால் அவற்றுக்கான இழப்பு, அறிவிக்கப்பட்ட கிராமம் அல்லது பிர்க்கா முழுவதன் சராசரி விளைச்சலை வைத்துக் கணக்கிடப்படுகிறது. தனி வயலைப் பார்த்து இழப்பீடு தரும் 'உள்ளூர்ச் சேதம்' என்ற பிரிவில் ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, வயலில் நீர் தேங்குதல், மேகவெடிப்பு, மின்னலால் பிடிக்கும் தீ ஆகியவை உண்டு, வெறும் காற்று இல்லை. அரை ஏக்கர் வாழை முழுவதும் விழுந்தும், பிர்க்கா சராசரி நன்றாக இருந்ததால் காசு வராமல் போவது இதனால்தான்.

காற்றோடு ஆலங்கட்டி விழுந்ததா என்பது இங்கே முக்கியமான கேள்வி ஆகிறது. உருகிப்போகும் முன் அதைப் படம் எடுத்து, சுண்டைக்காய் அளவா, நெல்லிக்காய் அளவா என்று குறித்துக்கொள்ள வேண்டும். இல்லாததைச் சொல்ல வேண்டியதில்லை, விழுந்ததைச் சொல்லாமல் விடுவதுதான் நஷ்டம். உள்ளூர்ச் சேதப் பிரிவில் 72 மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கோ, வங்கிக்கோ, வேளாண்மைத் துறைக்கோ தெரிவித்தாக வேண்டும். தென்னைக்குத் தனியாக மரக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. அதில் புயற்காற்றும் சேரும், மரம் விழுந்த பிறகு சேர முடியாது. எந்தப் பயிருக்கு, எந்தப் பிர்க்காவுக்கு இந்த ஆண்டு அறிவிப்பு இருக்கிறது என்பதைப் பருவம் தொடங்குமுன் வேளாண்மை அல்லது தோட்டக்கலை உதவி அலுவலரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

பெரும்பாலானவர்கள் மறுநாள் விடியுமுன்பே விழுந்த வாழையை வெட்டி ஒதுக்கிவிடுகிறார்கள். அடுத்த பயிருக்கு அவசரம், புரிகிறது. ஆனாலும் கிராம நிர்வாக அலுவலரும் வேளாண் அலுவலரும் பார்க்கும்வரை ஒரு பகுதியையாவது அப்படியே விட்டுவைக்க வேண்டும். முடியாவிட்டால், தோட்டத்தின் நாலு மூலையிலிருந்தும் நடுவிலிருந்தும் கைப்பேசியில் படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் எது கிழக்கு என்று குறித்து வைக்கலாம். காற்று தொடங்கிய நேரம், ஓய்ந்த நேரம், எந்தப் பக்கமிருந்து வந்தது, பக்கத்துத் தோட்டங்களில் எதுவரை அடித்தது, மேகத்திலிருந்து குழாய் இறங்கி மண்ணைத் தொட்டதை யாராவது கண்டார்களா என்பதையும் அன்றிரவே எழுதிவிட வேண்டும். குழாயைக் கண்டவர் ஒருவர், மரம் விழுந்த திசைகளைக் குறித்தவர் இன்னொருவர் என்று இரண்டும் சேர்ந்தால், தொலைவிலுள்ள நிலையத்தில் பதிவாகாத காற்றையும் அதிகாரிகள் வகைப்படுத்த முடியும். மின்னல் நிற்குமுன் மரத்தடியில் நின்று படம் எடுக்கப் போக வேண்டாம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத் தோட்டத்துக்குள் இறங்கினால் போதும், விழுந்த மின்கம்பி கிடக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு.